தூண்டில் கோல் வாங்குமுன்

முட்டுக்காட்டுக் கழிமுகத்திலோ பழவேற்காட்டு ஏரியிலோ நின்று கொடுவா மீனை நாடித் தூண்டில் வீச விரும்பி, விலை குறைந்ததும் நெடுநாள் உழைப்பதுமான ஒரு கோல் எது என்று வினவுகின்ற அன்பர்களுக்கு நான் முதலில் சொல்வது, விளம்பரத்தில் மயங்காமல் கோலின் அடிப்பாகத்தில் அச்சிட்டிருக்கும் அளவுகளைப் படியுங்கள் என்பதே.

ஏழடி நீளமும், 10 முதல் 30 கிராம் எடையுள்ள செயற்கை இரையை வீசும் சக்தியும், நுனி வளைந்தாலும் நடுப்பகுதி விறைத்து நிற்கும் சுபாவமும் உடைய கோல், பாலத்தூணருகே பதுங்கும் கொடுவாவை வெளியே இழுக்கப் போதுமானது. கார்பன் இழைக்கோல் லேசானது. மீனின் ஸ்பரிசத்தைக் கைக்கு உடனே உணர்த்தும். படகின் விளிம்பில் மோதினால் முறியவும் கூடும். கண்ணாடி இழைக்கோல் பாரமானது, ஆனால் முரட்டுத்தனத்தைச் சகிக்கும். இரண்டும் கலந்ததே, என் அபிப்பிராயத்தில், கொடுத்த பணத்துக்குத் தக்க பொருள்.

உப்புக்காற்று முதலில் தின்பது தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களின் உலோகக் கால்களையாதலால், அவை துருப்பிடிக்காத எஃகினாலானவையா, உள்ளே பீங்கான் வளையம் பதித்திருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். கடையிலேயே சிறிது பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்தினுள்ளும் சுழற்றினால், பஞ்சின் இழை சிக்குகிற இடத்தில் கண்ணுக்குப் புலப்படாத விரிசல் இருப்பதை அறியலாம். பின்னல் நரம்பு அங்கேதான் தேய்ந்து அறும்.

வீடு திரும்பியதும் கோலையும், ரீல் பொருத்தும் திருகையும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, நிழலில் உலர்த்துங்கள்.