ஏ.கே.செட்டியாரும் கப்பற் பயணக் கலையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



அண்ணாமலையை வலம்வரும் பாதையில், மலையின் மேற்குப் புறத்தில் அமைந்தது இந்த அடி அண்ணாமலை. மாணிக்கவாசகர் திருவெம்பாவை அருளிய ஊர் இதுவே என மரபு போற்றுகிறது. ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளும் வலப்பாதையில் நடப்போர் இரண்டு உண்மைகளை அறிவர். மலை ஒன்றே, ஆயினும் நிற்கும் இடம் மாறுந்தோறும் அதன் தோற்றம் மாறுகிறது. அடுத்தது, சுமையோடு நடப்பவர் மலையைப் பார்ப்பதில்லை, சுமையையே பார்க்கின்றார். இந்த மலையடிவாரத்தில் பள்ளிக்கல்வி பெற்ற ஒருவர் பின்னாளில் உலகையே வலம்வந்தார். அவர்தாம் ஏ.கே.செட்டியார் என வழங்கப்பெற்ற கருப்பன் செட்டியார்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911ஆம் ஆண்டு பிறந்த அவர், இளமையிலேயே பர்மா சென்று 'தனவணிகன்' இதழில் பணியாற்றினார். ஜப்பானிலும் பின்னர் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றார். 'உலகம் சுற்றும் தமிழன்' என்னும் அவருடைய நூல் 1940இல் வெளிவந்தது. நூலின் பெயரே பின்னர் ஆசிரியரின் பெயராகவும் நிலைத்தது. விமானப் பயணம் செல்வர் சிலர்க்கே வாய்த்த அக்காலத்தில், கண்டங்களைக் கடக்கக் கப்பலே வழி. ஆகவே, தமிழில் நீண்டநாள் கப்பற் பயணி எனச் சுட்டத்தக்க எழுத்தாளரைத் தேடினால் முதலில் நினைவுக்கு வருபவர் அவரே.

கடற்பயணம் தமிழர்க்குப் புதியதன்று. மகளிரொடு கடல் கடத்தல் வழக்கமில்லை என்று தொல்காப்பியம் பொருளதிகாரத்தில் கூறுகிறது. இலக்கணம் கண்ட அவ்வழக்கத்தை வறுமை மாற்றியது. 1860ஆம் ஆண்டு சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16ஆம் நாள் தர்பனை அடைந்த 'ட்ரூரோ' கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோருள் மகளிரும் இருந்தனர். பின்னர் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றவர்களின் கதையைச் சொல்ல 'ரஜூலா' என்னும் ஒரு பெயர் போதும். 1926 முதல் 1973 வரை ஓடிய அக்கப்பல், 5,000க்கு மேற்பட்ட தளப் பயணியரை ஏற்றிச்செல்ல உரிமம் பெற்றிருந்தது. அறையில்லை, கட்டிலில்லை. பாயை விரித்த இடமே வீடு. அம்மக்களின் பட்டறிவு பெரும்பாலும் எழுத்தில் ஏறவில்லை, வாய்மொழியாகவே வழங்கியது. அதனையும், பொதுவாக அக்காலக் கடற்பயணியர் அறிந்திருந்தவற்றையும் ஒருங்கே வைத்து நோக்கினால் கப்பற் பயணக் கலையின் கூறுகள் விளங்கும்.

முதலாவது, இடம் தேர்தல். அலையில் கப்பல் ஊசலாடும்போது முன்முனையும் பின்முனையும் மிகுதியாக எழுந்து தாழும். நடுப்பகுதியோ துலாக்கோலின் நடுமுள் போல ஓரளவு அமைதியாக நிற்கும். ஆகவே நடுவிடத்தில், கீழ்த்தளத்தில் அமைந்த அறையே உடலுக்கு நல்லது. தளப் பயணியர்க்கோ புகைபோக்கிக்கும் சமையற்கட்டிற்கும் எட்டி, காற்று நேரே மோதாத இடம் வேண்டும். முதலில் ஏறியவர் அத்தகைய இடத்தில் பாயை விரித்துக்கொண்டனர்.

இரண்டாவது, உணவும் உடல்நலமும். செவியின் உட்புறத்தே உள்ள சமநிலை உறுப்பு 'அசைகிறோம்' என்று உணர்த்த, அறைச் சுவரைப் பார்க்கும் கண் 'அசையவில்லை' என்று மறுக்க, இம்முரண்பாட்டில் பிறப்பதே கடல் மயக்கம். அறைக்குள் முடங்கிக் கிடப்பது அதனை வளர்க்கும். மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார்த்து நிற்பின் கண்ணும் செவியும் ஒத்துப்போகும். வெறும் வயிறும் ஆகாது. நிறைந்த வயிறும் ஆகாது. உலர்ந்த எளிய உணவும் சிறிது இஞ்சியும் நன்று. எலுமிச்சை ஊறுகாயும் நார்த்தங்காயும் நம் பெண்கள் கட்டிக்கொடுத்த கடல் மருந்துகள்.

மூன்றாவது, பொழுது. நிலநெடுக்கோட்டில் 15 பாகை கடந்தால் ஒரு மணி நேரம் மாறும். கிழக்கே செல்லும் கப்பலில் கடிகாரத்தை முன்னும், மேற்கே செல்லும் கப்பலில் பின்னும் நகர்த்திவைப்பர். ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்குப் பசிபிக் கடலைக் கடப்போர்க்கு ஒரே கிழமை இருமுறை வரும். கடிகாரத்தைக்கூட இடத்துக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதைக் கப்பல் நாள்தோறும் கற்பித்தது. தன் ஊர் மணியையே பற்றிக்கொண்டிருப்பவர் உணவு வேளையையும் இழப்பார். உடன் வருவோரின் நட்பையும் இழப்பார்.

நான்காவது, சுமை. அக்காலப் பெருங்கப்பல்களில் பெட்டிகளின்மேல் வெவ்வேறு சீட்டுகளை ஒட்டுவது வழக்கம். அறைக்குள் வேண்டியவை ஒருவகை; 'பயணத்தில் வேண்டாதவை' என்னும் சீட்டு ஒட்டப்பெற்றவை இன்னொரு வகை. பின்னவை கப்பலின் அடித்தளத்துக்குள் இறக்கப்படும்; கரை சேர்ந்த பின்னரே கைக்கு வரும். எதற்கு எந்தச் சீட்டு என்று புறப்படும் முன்பே முடிவு செய்வதுதான் பயணியின் அறிவு. அந்தச் சிறிய சீட்டு, எழுதுவோர்க்கும் ஒரு பாடமாகும்.

செட்டியார் தம் பயணத்தில் வேண்டாதது என்று ஒதுக்கிவைத்த பெட்டி எது? 'தான்' என்னும் பெட்டியே அது எனலாம். உலகெங்கும் பிறரைப் படமெடுத்த அவர், தம் படம் வெளிவருவதை விரும்பாதவர். அவருடைய நடையில் ஆரவாரமில்லை. சிறு வாக்கியங்கள், எளிய சொற்கள். மாளிகைகளைவிட மனிதரையே மிகுதியாகக் கண்டவர் அவர். பயணி குறுகக் குறுகப் பயணம் விரிகிறது.

அவ்வாறு இடம் ஒழிந்த உள்ளத்தில் ஒரு பெரும் எண்ணம் வந்து புகுந்தது. 1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் 'சமரியா' கப்பலில் அவர் பயணம் செய்துகொண்டிருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்தநாள். அடிகளின் வாழ்வை ஆவணப்படமாக்க வேண்டும் என்னும் எண்ணம் அப்போதுதான் பிறந்தது. அவர்க்கு அன்று அகவை 26 நிறையவில்லை. நாற்புறமும் நீர்; செய்வதற்கு வேலையில்லை; இறங்குவதற்கு இடமில்லை. கப்பல் தந்த அந்த நீண்ட ஓய்வு, அவருக்குப் பொழுதுபோக்காகவில்லை, வாழ்நாட் பணியாயிற்று.

அப்பணி எளிதன்று. இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா எனப் பல நாடுகளிலும் சிதறிக் கிடந்த படச்சுருள்களை அவர் தேடித் திரிந்தார். அவை 30 ஆண்டுக் காலத்தில் ஏறத்தாழ 100 ஒளிப்பதிவாளர்கள் எடுத்தவை. அக்காலப் படச்சுருளோ எளிதில் தீப்பற்றும் இயல்பினது. வெப்பமும் ஈரமும் அதற்குப் பகை. ஆட்சியிலிருந்த அரசோ காந்தியத்துக்குப் பகை. 1939 செப்டம்பரில் உலகப்போரும் மூண்டது. திரட்டிய 50,000 அடியிலிருந்து 12,000 அடியாகச் சுருக்கப்பெற்ற படம், 1940 ஆகஸ்டு 23ஆம் நாள் தமிழ் விளக்கவுரையுடன் திரைக்கு வந்தது. அடிகளின் வாழ்வை முழுநீளத்தில் சொன்ன ஆவணப்படம் முதலில் தமிழில் பேசியது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தியாகும்.

இன்று காலம் மாறிவிட்டது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே உல்லாசக் கப்பலில் மக்கள் பயணம் செய்தனர். ஊரடைவதற்காக அன்றிக் கடலில் இருப்பதற்காகவே செல்லும் பயணம் இது. அதற்கும் சில நெறிகள் உண்டு. புறப்படும் நாளன்று காலையில் ஓடிச்சென்று ஏறுவதினும் முதல்நாளே துறைமுக நகரை அடைவது நன்று. மருந்தும் கடவுச்சீட்டும் கைப்பையிலேயே இருத்தல் வேண்டும். இடைத்துறையில் இறங்குவோர் கரைக்கடிகாரத்தை அன்றிக் கப்பற் கடிகாரத்தையே நம்ப வேண்டும். பிந்தியவர்க்காகக் கப்பல் காத்திராது. பலர் ஒன்றாக உண்ணும் இடமாதலின் உண்ணுமுன் கையைச் சோப்பிட்டுக் கழுவுதல் இன்றியமையாதது. உயிர்காப்புப் பயிற்சிக்கு அழைக்கும்போது சோம்பியிருத்தல் கூடாது. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையருகே 'கோஸ்டா கான்கார்டியா' கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் மாண்டனர். அன்று ஏறியவருள் பலர்க்கு அப்பயிற்சி அளிக்கப்பெற்றிருக்கவில்லை. பயிற்சியைப் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்துதல் வேண்டும் என்னும் விதி, அதன் பின்னரே உலக அளவில் வலுப்பெற்றது.

நெறிகள் இவ்வளவும் உடலைக் கரை சேர்க்கும். உள்ளத்தைக் கரை சேர்ப்பது செட்டியார் காட்டிய நெறி. தம் பயணங்களோடு அவர் நிறைவுறவில்லை. 'குமரி மலர்' இதழை 1943 முதல் நடத்தினார். தமிழ்நாட்டைப் பற்றி முன்னோர் பலர் எழுதிய பயணக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து 1968இல் நூலாக்கினார். தம் காலடிச் சுவட்டைப் பதித்தவர், பிறர் சுவடு அழியாமலும் காத்தார். 1983இல் அவர் மறைந்தார்.

கவிஞர்கள் நிறைந்த இவ்வவையில் வைக்கத்தக்க வேண்டுகோள் ஒன்று உண்டு. இவ்வூரிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் கடல் கடந்தவர்கள் இருப்பர். தளத்தில் பாய் விரித்துச் சென்று வந்த முதியோர் எவரேனும் இன்னும் நம்மிடையே வாழ்ந்தால், அவர்தம் நினைவுகளைக் கேட்டு எழுதிவைப்பது இவ்வட்டத்தின் பதினோராம் ஆண்டுப் பணியாகட்டும். 'ரஜூலா' ஓய்வுபெற்று அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. கேட்பதற்கு இனி நாள் மிகுதியில்லை. கேட்கச் செல்லும்போது, 'பயணத்தில் வேண்டாதவை' என்னும் சீட்டைத் தம் பெருமையின்மீது ஒட்டிவிட்டுச் செல்வது நலம். அப்போதுதான் அவர்கள் சொல்வது முழுமையாகக் காதில் விழும்.