வேலையை விட்ட பின்னும் விலங்கா?

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் ஒரு கிராணித் தம்பி தம்முடைய நியமனக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். வேலையை விட்டு விலகினால் 2 ஆண்டுகளுக்கு அவ்வட்டாரத்தில் எந்த ரப்பர் கடையிலும் வேலை பார்க்கக் கூடாதாம்! பக்கத்து ஊர்க் கடையில் கூடுதல் சம்பளத்துக்கு அழைக்கிறார்கள். "கையெழுத்துப் போட்டுவிட்டேனே, அண்ணே" என்று கலங்கினார்.

போட்டால் என்ன? மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 28-வது பிரிவு, ஒருவர் நேர்மையான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. கோத்தா பாருவில் ஒரு வழக்கறிஞர், தம்மிடமிருந்து விலகும் உதவி வழக்கறிஞர் 5 மைலுக்குள் 2 ஆண்டுகள் தொழில் நடத்தக் கூடாதென்று எழுதி வாங்கியிருந்தார். 1964-இல் நீதிமன்றம் அது செல்லாதென்று தீர்த்தது. சட்டம் படித்த முதலாளிக்கே அந்தக் கதி!

ஆனால் ஒன்று. வேலையில் இருந்துகொண்டே போட்டிக் கடைக்கு உழைப்பது தவறு. விலகும்போது வாடிக்கைக்காரர் பட்டியலையோ கணக்குப் புத்தகத்தையோ தூக்கிச் சென்றால் சட்டம் காப்பாற்றாது. வியாபாரத்தை அதன் நற்பெயரோடு விற்றவருக்கு விதி வேறு. ஜொகூர் பாலத்தைத் தாண்டினாலும் வேறு: சிங்கப்பூரில் நியாயமான அளவுத் தடையை நீதிமன்றம் ஏற்கக்கூடும்.

பால்மரம் வெட்டும் நமக்கு இது எதற்கு என்பீர்கள். உங்கள் பிள்ளைகள் இன்று கம்பெனிகளில் சேருகிறார்கள். கடிதத்தைப் படிக்காமலே கையொப்பமிடுகிறார்கள்.

தம்பி முறைப்படி நோட்டீசு கொடுத்துவிட்டார். இத்தகைய கடிதம் உங்கள் வீட்டிலும் இருந்தால் நகலைச் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.