அப்பாவின் தட்டும் என் தராசும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"உடம்பைக் குறைச்ச கதையைப் பத்து நிமிஷம் பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் கேட்டுக்கொண்டார். என்ன பேசுவது என்ற கவலை காலையில் பதிவு மேஜைக்கு வந்ததுமே தீர்ந்துவிட்டது. பார்த்தவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "என்னடா இப்படி இளைச்சிட்டே, சுகரா?"

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் நம் பக்கத்து வழக்கம் இதுதான். ஒருத்தன் சதை போட்டால் "நல்லா இருக்கான்" என்போம். இளைத்தால் "ஏதோ சீக்கு" என்போம். நண்பர்களே, எனக்குச் சுகர் வரவில்லை. அது வராமல் தள்ளிப்போடத்தான் இந்தப் பாடு.

இது இன்ஜினீயர்கள் சபை. ரீடிங் கொடுக்காமல் பேசினால் விடமாட்டீர்கள். என் உயரம் 172 சென்டிமீட்டர். 20 மாதங்களுக்கு முன்னால் எடை 96 கிலோ, இடுப்புச் சுற்றளவு 108 சென்டிமீட்டர். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 6.1. அது 5.7-க்குக் கீழே இருந்தால் சரி, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நான் நடுவில், வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். இன்று எடை 81, இடுப்பு 94, எச்பிஏ1சி 5.6.

கைதட்டுவதற்கு முன்னால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தியர்களுக்கான அளவுகோலில் பி.எம்.ஐ. 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தாண்டினால் பருமன். ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும். என் பி.எம்.ஐ. இன்றும் 27-க்கு மேலே. ஆக, பட்டியல்படி நான் இன்னும் குண்டன்தான்! ஆனாலும் சர்க்கரை இறங்கிவிட்டது. இது எப்படி என்பதுதான் இன்றைக்கு நான் சொல்ல வந்த விஷயம்.

மூட்டை போனது, சோறு நின்றது

என் அப்பா துறைமுகத்தில் சரக்கு இறக்கும் தொழிலாளி. நூறு கிலோ மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தவர். மதியம் அவர் தட்டில் மலை மாதிரி சோறு இருக்கும். மீன் குழம்பு அதன்மேல் ஓடும். அந்தச் சோறு முழுவதும் சாயங்காலத்துக்குள் வியர்வையாகப் போய்விடும். உடம்பில் ஒரு பிடி கொழுப்பு கிடையாது.

1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. முதுகு தூக்கியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிரேன் தூக்க ஆரம்பித்தது. நல்ல மாற்றம்தான், எத்தனை முதுகெலும்புகள் பிழைத்தன! ஆனால் அப்பாவின் வேலை லேசான பிறகும் தட்டு லேசாகவில்லை. ஒல்லியான மனிதர், அவருக்குச் சுகர் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? 55 வயதில் காலில் வந்த ஒரு புண் ஆறாமல் போனபோதுதான் தெரிந்தது. 63-ல் போய்விட்டார்.

அப்பா விட்டுப்போன சொத்துகளில் அந்தத் தட்டும் ஒன்று. அவர் மூட்டை தூக்கிச் சாப்பிட்ட அளவை, கன்ட்ரோல் ரூமில் ஏ.சி.க்குக் கீழே உட்கார்ந்து நான் சாப்பிட்டேன். இங்கே உட்கார்ந்திருக்கிற பலர் வீட்டிலும் இதே கதைதான். அப்பா மில்லிலோ ஃபவுண்டரியிலோ படகிலோ உழைத்தார். பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால். வேலை ஒரு தலைமுறையில் மாறிவிட்டது. தட்டு மாறவில்லை.

ராயபுரம் சொல்லிக் கொடுத்த பாடம்

இதற்கான பாடத்தைத் தேடி நாம் அமெரிக்கா போக வேண்டியதில்லை. நம் பேட்டையிலேயே இருக்கிறது. நம் ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-ல் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கியவர் பேராசிரியர் எம். விசுவநாதன். 1954-ல் ராயபுரத்தில் பொது மருத்துவமனை ஒன்றைத் தொடங்கி, பிறகு அதை இந்த நோய்க்கென்றே தனி மருத்துவமனை ஆக்கியவரும் அவரே. சர்க்கரை நோயாளிக்கு மருந்து மட்டும் போதாது, நம் ஊர்ச் சமையலிலேயே நார்ச்சத்து மிகுந்த உணவு வேண்டும் என்று வலியுறுத்தியவர்.

அந்த ராயபுரம் ஆய்வு மையத்திலிருந்து டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்கு வழக்கமான பொது ஆலோசனை. இரண்டாவது பிரிவுக்கு உணவுக் கட்டுப்பாடும் தினம் அரை மணி வேக நடையும். மூன்றாவது பிரிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காவது பிரிவுக்கு நடை, உணவு, மாத்திரை எல்லாம். மூன்று வருடத்தில் முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேர் சர்க்கரை நோயாளி ஆனார்கள். மற்ற மூன்று பிரிவிலும் நூற்றுக்குச் சுமார் 40 பேர்தான். நடையும் உணவும் மாத்திரைக்குச் சமமாக நின்றன.

இதில் என்னை உலுக்கிய சங்கதி வேறு. நடந்து, உணவை மாற்றிப் பலன் கண்ட அந்தப் பிரிவினரின் சராசரி எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை! தராசு முள் நகரவில்லை, நோய் தள்ளிப்போனது. தராசை மட்டும் நம்பியிருந்தால் அவர்கள் மூன்றாவது மாதமே "இது வேலைக்கு ஆகாது" என்று விட்டிருப்பார்கள்.

முள்ளைப் பார்க்காதே, வால்வைத் திருப்பு

பாய்லர் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். டிரம்மில் நீர்மட்டத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது ஏறாது, இறங்காது. ஃபீட் வாட்டர் வால்வைத் திருப்ப வேண்டும். இன்னொன்று: லோடு திடீரென்று ஏறும்போது நீர்மட்டம் பொய்யாக ஏறிக் காட்டும். அதை நம்பித் தண்ணீரைக் குறைக்கிற ஆபரேட்டரிடம் பாய்லரை யாரும் ஒப்படைக்க மாட்டார்கள்.

உடம்பும் அப்படித்தான். ராத்திரி கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டால் உப்பு தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, மறுநாள் தராசு ஒரு கிலோ கூடுதலாகக் காட்டும். அது கொழுப்பு இல்லை. அதனால் எடை என்பது நான் பார்க்கிற மீட்டர். என் இலக்கு நான் திருப்புகிற வால்வு என்று முடிவு செய்தேன். "ஆறு மாதத்தில் 5 கிலோ" என்பதை ஓரமாக எழுதிவைத்தேன். தினமும் டிக் அடிப்பதற்கு வேறு நான்கு வரிகள்.

ஒன்று, வாரத்தில் ஐந்து நாள், நாளைக்கு அரை மணிக்குக் குறையாத நடை. இரண்டு, வாரத்தில் இரண்டு நாள் தண்டாலும் பஸ்கியும். மூன்று, டீயில் சர்க்கரை கிடையாது. நான்கு, சோற்றுக்கு அளவுக் கிண்ணம். நான்கையும் ஒரே நாளில் தொடங்கவில்லை. மாதத்துக்கு ஒன்று. முதல் மாதம் நடை மட்டும். நகைக்கடை காலண்டரைச் சமையலறையில் மாட்டி, நடந்த நாளுக்கு ஒரு டிக். எடை வாரம் ஒரு தடவை, இடுப்பு மாதம் ஒரு தடவை. அவ்வளவுதான் அளவெடுப்பு.

மூன்று ஷிஃப்ட்காரனின் நடை

"காலை ஐந்து மணிக்கு எழுந்து நட" என்று எல்லோரும் சொல்கிறார்கள். சி ஷிஃப்ட்காரன் காலை ஐந்து மணிக்கு பிளான்ட்டில் இருக்கிறான்! அதனால் நடையை மணியோடு கட்டாமல் ஷிஃப்ட்டோடு கட்டினேன். ஏ ஷிஃப்ட், சி ஷிஃப்ட் முடிந்து வரும்போது கம்பெனி பஸ்ஸில் தேரடி வரைக்கும் போகாமல் விம்கோ நகரிலேயே இறங்கி, உள் தெருக்கள் வழியாக வீட்டுக்கு நடப்பேன். பி ஷிஃப்ட் என்றால் காலையில் கோயில் மாட வீதியைச் சுற்றி. கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற ரோட்டில் நடக்காதீர்கள், புகையைத்தான் சாப்பிடுவீர்கள். மழை, புழுதி என்றால் மொட்டை மாடி இருக்கிறது.

தண்டாலும் பஸ்கியும் நம் வடசென்னைக்குப் புதுசா? தெருவுக்குத் தெரு பாக்ஸிங் பார்த்த ஊர் இது. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும். அதைக் காப்பாற்றத்தான் இந்தப் பயிற்சி. காசு கொடுத்து ஜிம் சேர வேண்டும் என்றில்லை. சுவரில் கைவைத்துத் தண்டால் எடுப்பதில் ஆரம்பித்தேன். தரைக்கு வர நான்கு மாதம் ஆயிற்று.

ஒரு எச்சரிக்கை. நடை மட்டுமே எடையைக் குறைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். அரை மணி நடையில் செலவாவது சுமார் 150 கலோரி. வரும் வழியில் ஒரு பரோட்டா பிய்த்துப் போட்டால் அது திரும்பி வந்துவிடும், வட்டியோடு.

டீ, சோறு, அம்மா

டீ கணக்கைப் பாருங்கள். ஷிஃப்ட்டுக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் நல்லது என்று சொல்வது 25 கிராமுக்குள். அந்த 50 கிராம் 200 கலோரி, மாதத்துக்கு 6,000. ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. காகிதக் கணக்குப்படி, டீ கிளாஸிலேயே மாதம் முக்கால் கிலோ இருக்கிறது! "மாஸ்டர், சர்க்கரை இல்லாம" என்று சொன்ன முதல் நாள் கடையே திரும்பிப் பார்த்தது. மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிட்டது.

சோறு விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. தடை நாக்கில் இல்லை, அம்மாவின் கரண்டியில் இருந்தது. இரண்டாவது தடவை சோறு வேண்டாம் என்றதும் அம்மா முகம் வாடிவிட்டது. "உங்கப்பா இப்படியாடா சாப்பிட்டாரு? வேலைக்குப் போற பிள்ளை அரை வயித்தோட போனா எனக்கு எப்படிடா தூக்கம் வரும்?" என்றார். அதற்கு எந்த சார்ட்டைக் காட்டிப் பதில் சொல்வது?

"அம்மா, அப்பா மூட்டை தூக்கினாரும்மா. நான் நாற்காலியிலதானே உட்கார்ந்திருக்கேன். அவரு கால் புண்ணு உனக்கு ஞாபகம் இருக்கில்ல?" என்று மட்டும் கேட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தட்டில் பாதி இடத்துக்குக் கீரையும் அவரைக்காய்ப் பொரியலும். பக்கத்தில் காசிமேட்டு நெத்திலி, வறுவலாக இல்லாமல் குழம்பாக. சோறு ஒரு கிண்ணம். வீட்டிலிருந்து "போதுமா?" என்ற கேள்வி போகவில்லை, ஆனால் இப்போது கரண்டியில் வருவது பொரியல்.

சாப்பிடும் வரிசையையும் மாற்றினோம். காயும் மீனும் பருப்பும் முதலில், சோறு கடைசியில். அப்போது ஒரு கிண்ணமே போதும் என்றாகிவிடுகிறது. நைட் ஷிஃப்ட்டுக்கு கேன்டீன் வடையை நம்பாமல் சுண்டலும் வெள்ளரிக்காயும் டப்பாவில் போகும். எதையும் அடியோடு விடவில்லை. அத்தோவும் பரோட்டாவும் உண்டு, மாதம் ஒரு தடவை, பிள்ளைகளோடு உட்கார்ந்து.

மூன்றாவது மாதம் தராசு நின்றுவிட்டது. ஐந்து வாரம் ஒரே எண். ஆனால் காலண்டரில் டிக் விழுந்துகொண்டே இருந்தது. இடுப்பு மட்டும் 3 சென்டிமீட்டர் இறங்கியது. ராயபுரம் ஆய்வை நினைத்துக்கொண்டு வால்வை மாற்றாமல் இருந்தேன். ஆறாவது வாரம் முள் தானாக நகர்ந்தது.

ஒரு வேண்டுகோள்

"ஊசி வந்துவிட்டதே, இவ்வளவு கஷ்டம் ஏன்?" என்று கேட்கிறார்கள். எடை குறைக்கும் ஊசிகள் 2025-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது உண்மை. அது யாருக்கு வேண்டும் என்பதை டாக்டர் சொல்லட்டும். ஊசி போட்டாலும் தட்டும் நடையும் நம் பொறுப்புதான். அதேபோல், ஏற்கெனவே சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், நடந்தால் நெஞ்சு வலிக்கிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் நான் சொன்னதைத் தொடங்க வேண்டாம்.

டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் 2013-ல் இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேர். எல்லோருக்கும் ஆரம்பத்தில் ஆலோசனை. ஒரு பாதிப் பேருக்கு மட்டும் கூடவே செல்போனில் அவ்வப்போது நினைவூட்டும் குறுஞ்செய்திகள். இரண்டு வருட முடிவில், செய்தி வராதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்குச் சர்க்கரை நோய். செய்தி வந்தவர்களில் 18 பேருக்குத்தான். ஒரு வரிச் செய்திக்கு அவ்வளவு பலம்.

நம் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் தினம் எத்தனை "குட் மார்னிங்" ரோஜாப்பூ வருகிறது! அதற்குப் பதிலாக "இன்னைக்கு நடந்துட்டேன்" என்று ஒரு வரி போடுங்கள். போடாத நண்பனை மற்றவன் கேளுங்கள். இந்த மாதத்துக்குள் எல்லோரும் ஒரு தடவை சர்க்கரையைப் பரிசோதித்துவிடுங்கள், ஒல்லியானவர்களும் சேர்த்துத்தான். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சுகர் இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம். அடுத்த ஒன்றுகூடலில் பதிவு மேஜையில் பேட்ஜோடு ஓர் இஞ்ச் டேப்பும் வைக்க வேண்டும் என்று சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன். தராசு வேண்டாம், டேப் போதும். முதல் ஆளாக அளந்துகொள்ள நான் வருகிறேன். இன்னும் 4 சென்டிமீட்டர் பாக்கி இருக்கிறது.

மதிய விருந்துக்கு மணியாகிவிட்டது. பிரியாணி வாசம் இங்கேயே வருகிறது. யாரும் என்னைப் பார்த்து பயப்பட வேண்டாம், நானும் சாப்பிடப் போகிறேன். முதலில் வெங்காயப் பச்சடி, அப்புறம் ஒரு கிண்ணம்.