நம்மிடம் இருப்பதை முதலில் எண்ணுவோம்

(வட்டகொடையில் நடந்த மாதர், இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலையிலிருந்து இறங்கி, அடுப்புக்கூட மூட்டாமல் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

நம்மைத் தேடி வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "உங்களுக்கு என்ன இல்லை?" வீடு இல்லை, காணி இல்லை, மலசலகூடம் இல்லை என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். அந்தப் பட்டியல் பொய் இல்லை. ஆனால் அதையே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லி, நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று நாமும் நம்பத் தொடங்கிவிட்டோம். இன்றைக்கு மற்றக் கணக்கைப் பார்ப்போம். நம்மிடம் என்ன இருக்கிறது?

லயத்தில் ஒரு சாவு என்றால் என்ன நடக்கிறது? யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. ஒரு வீட்டில் தேத்தண்ணி ஊற்றுகிறார்கள். இளைஞர்கள் குழி வெட்டப் போகிறார்கள். மரண உதவிச் சங்கத்துப் பணம் வந்து சேர்கிறது. மாசி மாதம் காமன் கூத்து ஆடுகிறோம். அதற்கு எந்த நிறுவனமும் நிதி தருவதில்லை. வரி எடுக்கிறோம், கணக்கு எழுதுகிறோம், பயிற்சி கொடுக்கிறோம், ஊரே விடிய விடிய இருந்து பார்க்கிறது. சீட்டுப் பிடிக்கிற அக்கா இருபது பேருடைய தவணையையும் மனதில் வைத்திருக்கிறார். பணம் கையாளுவது, ஆள் சேர்ப்பது, சொன்ன சொல்லைக் காப்பது எல்லாம் நமக்குத் தெரிந்த வேலைகள். நாம்தான் அவற்றை வேலை என்று எண்ணுவதில்லை.

இதை எண்ணிப் பார்த்த மனிதர் ஒருவர் நம் பக்கத்து மடக்கொம்பரைத் தோட்டத்திலேயே பிறந்தார். சி.வி. வேலுப்பிள்ளை. ஆசிரியர், தொழிற்சங்கவாதி, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனவர். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருடமே நம் மக்களின் வாக்குரிமையும் போனது. நாடே நம்மை வெறும் கூலிகள் என்று எழுதிய காலத்தில், அவர் நம் பாட்டிமார் கொழுந்து எடுக்கும்போதும் பிள்ளையைத் தாலாட்டும்போதும் பாடிய பாட்டுகளைத் தேடித் தேடிச் சேகரித்தார். அது 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற புத்தகமாக வந்தது. அவர் வெளியிலிருந்து ஒன்றையும் கொண்டுவரவில்லை. நம்மிடம் இருந்ததை எடுத்து நமக்கே காட்டினார்.

நம்மிடம் இருக்கும் பலத்தை நாம் எண்ணாமல் விட்டால், வேறு ஒருவர் எண்ணிக்கொள்வார். நுண்கடன் அப்படித்தான் லயத்துக்குள் வந்தது.

அந்தக் கடன் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பெண்கள் குழுவாகச் சேர்ந்தால்தான் கடன். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். நம்மிடம் அடகு வைக்கக் காணி உறுதி இல்லை. அப்படியானால் எதை நம்பிப் பணம் தருகிறார்கள்? நம் ஒற்றுமையை நம்பித்தான். பக்கத்து வீட்டுக்காரியைக் கைவிட மாட்டோம் என்ற நம் குணம்தான் அவர்களுக்கு அடகு. நம் பலத்துக்கு நம்மிடமே வட்டி வாங்குகிறார்கள்.

அது உடைகிறபோது அந்த ஒற்றுமையும் சேர்ந்தே உடைகிறது. நேற்றுவரை ஒரே பானையில் சம்பல் பகிர்ந்தவர்கள் இன்றைக்கு முகம் பார்ப்பதில்லை. அறவிட வருகிற நாளில் தாய் உள்ளே இருந்துகொண்டு, "அம்மா இல்லை என்று சொல்லு" என்று பிள்ளையை வாசலுக்கு அனுப்புகிறார். அடுத்த நாள் அந்தப் பிள்ளை வகுப்பில் தலை நிமிர்வதில்லை. ஆசிரியர்களாகிய நாங்கள் இதைப் பார்க்கிறோம். தாய்மாரைக் குறை சொல்லவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், கையில் காசு இல்லை, சம்பளத்துக்கு இன்னும் பத்து நாள் என்றால் யாராக இருந்தாலும் வாங்கத்தான் செய்வார்கள். 2021 மார்ச்சில் ஹிங்குராக்கொடையில் சிங்களச் சகோதரிகள் இதே நுண்கடனை ரத்துச் செய்யக் கேட்டு வீதியோரம் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். ஆகவே இது நம் தோட்டத்து வெட்கம் அல்ல. நாடு முழுவதும் உள்ள நோய்.

மருந்து என்ன? அந்த அடகை நாமே எடுத்து நம் கையில் வைத்துக்கொள்வதுதான்.

ஒரு லயத்தில் இருபது பெண்கள். ஆளுக்கு மாதம் 500 ரூபாய். மாதம் 10,000, வருடம் 120,000 ரூபாய். சீட்டில் பணம் சுற்றி முடிந்துவிடும், நிதியில் தங்கும். அவசரத்துக்குக் கொடுத்தால் அந்தச் சிறிய வட்டியும் லயத்துக்குள்ளேயே நிற்கும். இது புதிய யோசனையும் இல்லை. கேகாலை மாவட்டத்தில் வல்கம என்ற கிராமத்தில் 1978இல் பி.ஏ. கிரிவந்தெனிய பழைய சிக்கனக் கடனுதவிச் சங்கத்தைத் தூசி தட்டி எழுப்பினார். அதுவே சணச இயக்கமாக நாடெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் 1989இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களும் இதே வழியில் வளர்ந்தவைதான்.

சில ஒழுங்குகள் வேண்டும். பணம் ஒருவர் வீட்டில் இருக்கக்கூடாது. மூன்று குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பெண்கள் கையொப்பமிடும் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். மாதம் ஒரு தடவை எல்லோர் முன்னாலும் கணக்கை வாசிக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவர் கேட்டால், படிக்கிற பிள்ளையை வைத்து மறுபடி வாசிக்க வேண்டும். முதல் உரிமை மருந்துக்கும் படிப்புக்கும். எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறாள் என்று கேட்கக்கூடாது. பசிக்குச் சங்கக் கொடி தெரியாது.

படிப்பிலும் அப்படியே. உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் தம்பி தங்கைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். பிள்ளை மடுவம் பின்னேரத்தில் சும்மா கிடக்கிறது. அதைக் கேட்டு வாங்கி, சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு மணித்தியாலம் கணக்கும் வாசிப்பும் சொல்லிக் கொடுக்கலாம். கொழும்புக் கடைக்குப் போகும் வயசு இன்னும் இரண்டு வருடம் தள்ளிப்போனால்கூட அது இலாபம்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். "சொந்தக் காலில் நில்லுங்கள்" என்று கம்பனியும் அரசாங்கமும் நமக்குப் புத்தி சொல்ல இது வழிவிடாது. நாம் எப்போதும் சொந்தக் காலில்தான் நிற்கிறோம், மலைச்சரிவில், அட்டைக் கடியோடு. 2015இல் 1,000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டோம். அது வர 2021 ஆனது. எந்தச் சேமிப்பும் நியாயமான சம்பளத்துக்கு ஈடாகாது. லயக் காம்பராவுக்குப் பதில் காணியும் வீடும் வேண்டும் என்பதையும் நாம் விடப்போவதில்லை.

ஆனால் இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது. கிழமைத் தவணை கழுத்தைப் பிடிக்கும்போது பெரட்டுக் களத்தில் வாய் திறக்க முடியாது. இரண்டு நாள் வேலைநிறுத்தம் என்றாலே நெஞ்சு பதறும். வீட்டில் அரிசியும் பின்னால் ஒரு நிதியும் இருக்கிறவள் நிமிர்ந்து பேசுவாள். 1977 மே மாதம், 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கப் பார்த்தபோது நம் மக்கள் திரண்டு நின்றார்கள். டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் உயிர் கொடுத்தார். அன்றைக்கு அவர்களிடம் இருந்ததும் பக்கத்து லயத்துக்காரன் தனியாக விடமாட்டான் என்ற நம்பிக்கைதான்.

ஆகவே ஒரு வேலை தருகிறோம். அடுத்த சம்பளத்துக்கு முன் ஒவ்வொரு லயத்திலும் ஓர் இரவு எல்லோரும் கூடி உட்காருங்கள். ஒரு கொப்பியில் மூன்று பக்கம் எழுதுங்கள். யாருக்கு என்ன வேலை தெரியும், யாருக்கு எவ்வளவு கடன், மாதம் யாரால் எவ்வளவு போட முடியும். கடன் பக்கத்தை வெளியே காட்ட வேண்டாம், மாதர் தலைவியிடம் மட்டும் கொடுங்கள். கையெழுத்து வராவிட்டால் எங்களைக் கூப்பிடுங்கள், பள்ளிக்கூடம் விட்டதும் வருகிறோம். கொப்பியோடு அடுத்த கூட்டத்தில் சந்திப்போம்.