புதைத்த கழிவும் குடிக்கும் நீரும்



கதிரியக்கம் என்றவுடன் அணு உலையும் அணுகுண்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் மனிதன் அணுவைப் பிளக்கக் கற்பதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்னரே நிலமகள் தன் மடியில் கதிரியக்கப் பொருள்களை வைத்திருந்தாள். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் மணலில் தோரியம் கலந்திருப்பதை நம்மில் பலர் அறிவோம். யுரேனியமும் தோரியமும் படிப்படியாகச் சிதையும் வழியில் தோன்றுவதே, 1898ஆம் ஆண்டில் கியூரி தம்பதியர் கண்டறிந்த ரேடியம். ஆழத்துப் பாறையினுள் அது உறங்கும்வரை நமக்குத் தீங்கில்லை. அதனை மேலே கொணர்ந்து, குப்பையோடு குப்பையாகப் புதைக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. இதற்கு அமெரிக்க நாட்டின் அனுபவம் தக்க சான்றாகும்.

அந்நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில் மார்செல்லஸ் என்னும் ஷேல் பாறை அடுக்கு உண்டு. அதனை ஆழத் துளைத்து, மிகுந்த அழுத்தத்துடன் நீரைச் செலுத்திப் பிளந்து, எரிவாயு எடுக்கின்றனர். வாயுவோடு மேலே வரும் நீர் கடல்நீரினும் பன்மடங்கு உப்பானது. உப்பு மிகுந்த நீரில் ரேடியம் எளிதில் கரைந்து உடன் வருகிறது. துளையிடும்போது கிடைக்கும் பாறைத் தூளும், தொட்டிகளில் படியும் சேறும் நகரக் குப்பையைப் புதைக்கும் கிடங்குகளுக்கே பெரிதும் சென்று சேர்ந்தன.

சட்டம் இதனை எவ்வாறு நோக்கியது? 1954ஆம் ஆண்டின் அணு ஆற்றல் சட்டம் அணு எரிபொருளையும் அதன் வழிவரும் கழிவையும் கருதி எழுந்தது. எண்ணெய், எரிவாயுக் கிணறுகளில் வரும் இயற்கை ரேடியம் அதன் வரம்பில் அடங்கவில்லை. அபாயகரமான கழிவுகளுக்குரிய விதிகளிலிருந்தும் இக்கிணற்றுக் கழிவுகளுக்கு 1980ஆம் ஆண்டில் விலக்குக் கிட்டியது. 1988ஆம் ஆண்டில் அது நிலைபெற்றது. ஆகவே பொறுப்பு அந்தந்த மாநிலத்தின் தலையில் விழுந்தது. பெயர் மாறியதால் பொருளின் குணம் மாறிவிடுமா?

குப்பைக் கிடங்கின்மேல் பெய்யும் மழை கழிவினூடே இறங்கிக் கசிவுநீராகிறது. களிமண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும் அதனைத் தடுத்து நிறுத்த, குழாய்கள் திரட்டி வெளியேற்றுகின்றன. அந்நீர் பல இடங்களில் நகரத்துக் கழிவுநீர் நிலையத்திற்கே அனுப்பப்பெறுகிறது. அந்நிலையமோ சாக்கடை நீரைத் தூய்மை செய்ய அமைந்தது. ரேடியத்தைப் பிரிக்க அமைந்ததன்று. எனவே ரேடியத்தில் ஒரு பகுதி சேற்றில் தங்கும். எஞ்சியது ஆற்றை அடையும். கிணற்று உப்புநீரைச் சுத்திகரித்த ஒரு நிலையத்திற்குக் கீழே, ஆற்றுப் படிவில் ரேடியம் மேற்புறத்தினும் ஏறத்தாழ 200 மடங்கு மிகுந்திருந்ததை 2013ஆம் ஆண்டில் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டனர்.

ரேடியம் சுண்ணாம்புச் சத்தைப் போன்று நடந்து எலும்பில் குடிபுகும் இயல்பினது. ஆதலின் அமெரிக்காவில் குடிநீரில் இருவகை ரேடியமும் சேர்ந்து லிட்டருக்கு 5 பிக்கோகியூரியைத் தாண்டலாகாது என்பது விதி. எனினும் குப்பைக் கிடங்குகளின் கசிவுநீரில் ரேடியத்தைக் காலாண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்று பென்சில்வேனியா ஆளுநர் அறிவித்தது 2021ஆம் ஆண்டில்தான். வாயிலில் லாரியை அளந்தால் மட்டும் போதாது, அடியில் வழியும் நீரையும் அளக்க வேண்டும் என்ற உண்மை அவ்வளவு காலம் கழித்தே உணரப்பட்டது.

ஆயினும் கடுமையான விதி ஒன்றே மருந்தாகிவிடாது. வடக்கு டகோட்டா மாநிலத்தில் முன்பு கிராமுக்கு 5 பிக்கோகியூரிக்கு மேற்பட்ட கழிவைப் புதைக்க அனுமதி இருக்கவில்லை. வெளிமாநிலத்திற்கு அனுப்புவதோ பெருஞ்செலவு. 2014ஆம் ஆண்டில் நூனன் என்ற சிற்றூரில், கைவிடப்பட்ட பெட்ரோல் நிலையத்தில், எண்ணெய் வயல்களின் கதிரியக்க வடிகட்டிகள் மூட்டை மூட்டையாகக் கண்டெடுக்கப்பட்டன. பின்னர் 2016ஆம் ஆண்டில், தனி அனுமதி பெற்ற கிடங்குகளுக்கு அவ்வரம்பு 50 ஆக உயர்த்தப்பட்டது. "இங்கே போடாதே" என்று சொல்லும் சட்டம், "எங்கே போடுவது" என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

யாவற்றினும் பெரிய கேள்வி காலத்தைப் பற்றியது. அமெரிக்க விதிகளின்படி, மூடிய குப்பைக் கிடங்கைப் பேணும் கடமைக்குப் பொதுவான காலம் 30 ஆண்டுகள். ரேடியம்-226 பாதியாகக் குறைவதற்கோ 1600 ஆண்டுகள் ஆகும். முற்காலப் பல்லவர் காஞ்சியில் ஆண்டபோது புதைத்திருந்தால், இன்றும் பாதி எஞ்சியிருக்கும்! விரிப்பு நைந்து, குழாய் அடைபட்டு, பேணியவர் மறைந்த பின்னும் கழிவு அங்கேயே இருக்கும். அதனைக் காக்கும் ஏற்பாடும், அதற்கான பொருளும், இடத்தைக் குறித்த பதிவேடும் தொடக்கத்திலேயே உறுதிசெய்யப்பட வேண்டும்.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. பாஸ்பேட் பாறையிலிருந்து உரம் செய்யும் ஆலைகளில் மிஞ்சும் பாஸ்போஜிப்சத்திலும் ரேடியம் உண்டு. 1983ஆம் ஆண்டில் அமைந்த நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், அதனைக் கட்டுமானத்திற்குப் பயன்படுத்துவது குறித்து 2009ஆம் ஆண்டில் ஆணை பிறப்பித்தது. பிழைப்பை நாடி எந்த மாநிலத்தில் குடியேறினாலும் அவ்வூர்த் தண்ணீரே நம் தண்ணீர், நம் குழந்தைகளின் தண்ணீர். ஆகவே அருகில் கழிவு புதைக்கப்படுமாயின், அடியில் கசியும் நீரை யார் அளக்கிறார், எத்தனை ஆண்டுகள் அளப்பார் என்ற இரு கேள்விகளைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. வந்தேறிய ஊர்தானே என்று வாளாவிருத்தல் தகாது.