ரேகை தேய்ந்த விரல்கள்

தோழா!

விடியுமுன் கம்பத்திலே ஜீப்புகள் உறுமும். மலையேறி, ஏலக்காய் பறித்து, பொழுது சாய வீடு திரும்பும் தாய்மாரை நீ அறிவாய். அவர்தம் விரல்களைக் கண்டதுண்டா? கறை படிந்து, ரேகை தேய்ந்த விரல்கள்! ரேஷன் கடை இயந்திரத்தில் அவ்விரலை வைத்தால், "நீ நீயல்ல" என்கிறது இயந்திரம்.

ரேகை இப்பள்ளத்தாக்குக்குப் புதிதா? வடக்கே 1871இல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. பிரமலைக் கள்ளர் குடியிலே பிறப்பதே குற்றம்! கட்டைவிரலில் மை, இரவிலே சாவடியில் உறக்கம், ஊர் கடக்க அனுமதிச் சீட்டு! ரேகை தர மறுத்து நின்ற உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரிலே, 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கி பேசிற்று. மாயக்காள் எனும் மாதரசி உட்பட 16 பேர் மாண்டனர். 1947இல் சட்டம் நீங்கிற்று. 1948இலேயே வழக்கக் குற்றவாளிகள் சட்டம் எனும் வாரிசு பிறந்தது தனிக் கதை.

அரசு உயிரைப் பறித்து மட்டுமல்ல, உயிரை எண்ணி, பதிந்து, பேணி, வகை பிரித்தும் ஆள்கிறது என்று 1970களிலே விளக்கினார் பிரெஞ்சு அறிஞர் மிஷேல் ஃபூக்கோ. உயிர் அரசியல் என்று அதற்குப் பெயர். மேல்நாட்டுத் தத்துவம் நமக்கேன் என்கிறாயா? நம் பாட்டன் விரல் மையிலே முன்பே எழுதப்பட்ட தத்துவமன்றோ அது!

அந்த மையும் இந்த இயந்திரமும் ஒன்றென்று நான் சொல்லேன். அது உயிர் குடித்தது. இது அரிசி தருவது. 2011 முதல் விலையில்லா அரிசி வழங்கும் மாநிலம் இது. எனினும் 2020இல் ரேகை கேட்கும் முறை இங்கும் வந்தது. சந்தையை அரசுக்கு ஆசானாக்கிய புதிய தாராளவாதம் குடிமகனைப் பயனாளியாக்கிற்று. உரிமை கேட்பவன், தான் திருடனல்லன் என்று முதலில் மெய்ப்பிக்க வேண்டுமாம்!

"நடைமுறை பேசுக! போலி அட்டை ஒழிய வேண்டாமா?" என்பர். ஒழியட்டும், மறுப்பாரில்லை. ஆனால் மூட்டை மூட்டையாய் மலை கடந்து கேரளம் போகும் கடத்தல் அரிசி, எந்தத் தாயின் விரல் வழியே போகிறது? அதற்கு விடை சொல்வதே நடைமுறை.

அங்க அடையாளம் பொருந்தவில்லை என்பதற்காகத் தகுதியுள்ளோர்க்கு உதவி மறுக்கலாகாது என 2018 செப்டம்பர் 26 ஆதார் தீர்ப்பிலே உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. அரிசி போடும் நாளில் கடை வாசலில் நில். இயந்திரம் மறுத்தால் தீர்ப்பைச் சொல். கையொப்பம் பெற்று அரிசி வழங்கக் கேள். விற்பனையாளர்மீது பாயாதே, அவரும் சம்பளத்துக்கு உழைப்பவரே. கடை திறந்திருக்கும் வேளையில் அந்தத் தாய் வருவதே கூலியை இழந்துதான். இரண்டாம் முறை அவளை அலைய விடாதே.