முதுமையும் பல்லும் அரசு மருத்துவமும்
(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தமிழாசிரியன் மேடையேறினால் இலக்கியம் பேசுவான் என எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பைச் சொன்னபோது செயலாளர் சற்றே தயங்கினார், பின்னர் இசைந்தார். அவர் மனம் ஆறும்பொருட்டு இலக்கணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பவணந்தி முனிவர் நன்னூலில் எழுத்துகளின் பிறப்பைக் கூறுமிடத்து, ஒலியை வேறுபடுத்தும் உறுப்புகளாக இதழ், நா, பல், அண்ணம் என்னும் நான்கினை எண்ணுகிறார். மேற்பல்லின் அடியை நாவின் நுனி பொருந்தத் தகரமும் நகரமும் பிறக்கும். மேற்பல்லைக் கீழிதழ் பொருந்த வகரம் பிறக்கும். பல்லெல்லாம் இழந்த ஒரு பெரியவரை 'வந்தது' என்று சொல்லச் சொல்லுங்கள். அவ்வொரு சொல்லில் பல்லை நாடும் எழுத்துகளே நிரம்பியிருக்கின்றன. பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள், பெரியவரும் உடன் சிரிப்பார். ஆனால் அடுத்த விருந்தினர் வரும்போது அவர் உள்ளறையிலேயே இருந்துவிடுவார்.

நம் நாலடியாரும் இளமை நிலையாமையைப் பேசுமிடத்து, முதுமையின் அடையாளங்களுள் ஒன்றாகப் பல் கழலுதலைச் சொல்கிறது. அந்நூல் எழுந்த காலத்து உலகியலை அது உள்ளவாறு கூறியது. நாமோ அதனை விதியாகவே கொண்டுவிட்டோம். 'வயதாயிற்று, பல் விழுகிறது, இதற்கு என்ன செய்வது?' என்பதே நம் இல்லங்களின் வழக்கு. மருத்துவ நூலார் இதனை ஒப்புவதில்லை. பல்லைக் கொண்டுபோவது வயதன்று. சொத்தையும் ஈறு நோயும். இரண்டும் தடுக்கத் தக்கவை, தொடக்கத்தில் தீர்க்கவும் தக்கவை.

இதற்குச் சான்றாக இரு நாடுகளைக் காட்டுகிறேன். 1968ஆம் ஆண்டு எடுத்த கணக்கின்படி, இங்கிலாந்திலும் வேல்சிலும் வயது வந்தோருள் 37 விழுக்காட்டினருக்குச் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை. 2009ஆம் ஆண்டுக் கணக்கில் அத்தகையோர் இங்கிலாந்தில் 6 விழுக்காட்டினரே. மக்களின் ஆயுள் இக்காலத்தில் நீண்டதேயன்றிக் குறையவில்லை. வயதே காரணமாயின் இது நிகழ்ந்திருக்குமா? ஜப்பானியர் 1989இல் 'எண்பது வயதில் இருபது பல்' என்னும் இயக்கத்தைத் தொடங்கினர். இருபது பல் இருந்தால் பெரும்பாலான உணவை மென்று உண்ணலாம் என்பது அவர்தம் கணக்கு. அன்று எண்பது வயதினருள் பத்தில் ஒருவருக்குக்கூட இருபது பல் இல்லை. 2016ஆம் ஆண்டு ஆய்வில் பாதிப்பேருக்கு மேல் அந்நிலையை எய்தியிருந்தனர்.

பல் போனால் என்ன, மசித்து உண்ணலாமே என்பார் உளர். நாம் புலால் உண்ணாதோர். நமக்குப் புரதம் வருவது பயறு, பருப்பு, சுண்டல், நிலக்கடலை இவற்றிலிருந்து. பல்லற்றவர் முதலில் கைவிடுவது கடலையை, பின்னர்க் கீரைத்தண்டை, பின்னர்க் கொய்யாவை. எஞ்சுவன குழைந்த சோறும், இட்டலியும், தேநீரில் நனைத்த ரொட்டியும். நீரிழிவு உள்ளவருக்கு இவ்வுணவு என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் நோன்புடைய முதியோர் மெல்ல மெல்ல மென்று, ஒளி மங்கியதும் பாதி வயிற்றோடு இலையை மடித்துவிடுவதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். 'பசியில்லை' என்பார்கள். பசி உண்டு, மெல்ல முடியவில்லை என்பதே உண்மை.

இனி அரசு மருத்துவத்திற்கு வருவோம். பொதுப்பணத்தில் நடக்கும் மருத்துவத்தில் பல்லுக்கு என்றும் கடைசி இடமே. பிரிட்டனில் 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரப் பணி தொடங்கியபோது, மருத்துவமும் மூக்குக் கண்ணாடியும் பல்செட்டும் கட்டணமின்றி வழங்கப்பட்டன. பல் மருத்துவர் வாயில்களில் மக்கள் திரண்டனர். செலவு மதிப்பீட்டைக் கடந்தது. அது பேராசையன்று. ஆண்டுக்கணக்கில் ஈறால் மென்று வாழ்ந்தோரின் தேவை அன்றுதான் வெளிப்பட்டது. மூன்றாண்டு நிறையுமுன், 1951இல், கொரியப் போரையொட்டிப் படைச்செலவு பெருகவே, நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல் பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் பாதிச் செலவைக் கட்டணமாக விதித்தார். அப்பணியை நிறுவிய அனூரின் பெவன் இதனைப் பொறாது அமைச்சர் பதவியைத் துறந்தார். பல்செட்டுக்காக ஓர் அமைச்சர் பதவி விலகினார் என்றால் நம்மவர் நம்பமாட்டார்கள்.

நம் நாட்டில் தேசிய வாய்நலத் திட்டம் 2014ஆம் ஆண்டளவில் தொடங்கப்பட்டது. மாவட்ட மருத்துவமனை முதலாகக் கீழ்நிலை வரை பல் மருத்துவரும் கருவிகளும் அமைய அதன்வழி உதவி உண்டு. சென்னையிலும், சிதம்பரம் அண்ணாமலைநகரிலும், புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் முதியோரின் வாயிலுக்கே வந்து இரத்த அழுத்த மாத்திரையும் நீரிழிவு மாத்திரையும் தருகிறது. நல்ல பணி, மறுப்பாரில்லை. ஆயினும் அம்மாத்திரையை விழுங்கும் வாயைத் திறந்து பார்ப்பது அவர்தம் கடமைப் பட்டியலில் இல்லை. எழுபது வயது கடந்தோர்க்கு 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் காப்பீடோ, மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கானது. சொத்தை அடைப்பதற்கும் பல்செட்டுக்கும் எவரும் மருத்துவமனையில் தங்குவதில்லை.

ஆகவே நடைமுறையில் நம் முதியோர்க்கு அருகில் கிடைப்பது ஒன்றே: பல்லைப் பிடுங்குதல். என் தமக்கைக்கு எழுபத்து நான்கு வயது. அருகிலுள்ள அரசு மருத்துவமனை ஒன்றில் அவருடைய எஞ்சிய பற்களை இரண்டு மூன்று முறையில் எடுத்தார்கள். மருத்துவர் அன்பானவர், கை நயமுடையவர், ஒரு காசு வாங்கவில்லை. 'பல் கட்டுவது எப்போது அம்மா?' என்று கேட்டேன். 'இங்கே அதற்கான கூடம் இல்லை ஐயா, சென்னைக்குத்தான் போக வேண்டும்' என்றார். அக்காவோ, 'இந்த வயதில் எனக்கு எதற்குத் தம்பி?' என்று முடித்துவிட்டார்.

சென்னை செல்வது ஒரு நாட் பயணமன்று. இதனை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். பல் எடுத்த புண் ஆறச் சில வாரங்கள் கழிய வேண்டும். பின்னர் ஒரு நாள் வாயின் அச்சு எடுப்பார்கள். மறுமுறை இரு தாடைகளும் பொருந்தும் அளவு எடுப்பார்கள். அடுத்த முறை மெழுகில் பற்களைப் பதித்து வைத்துப் பார்ப்பார்கள். அதன்பின் செட்டைக் கொடுப்பார்கள். கொடுத்தபின் உறுத்துமிடத்தைத் தேய்த்துச் சரிசெய்ய இன்னும் ஓரிரு முறை. குறைந்தது ஐந்து பயணம். உடன் ஒருவர் விடுப்பெடுத்து வர வேண்டும். செட்டின் விலையைக் காட்டிலும் பயணமே பெரிய தடையாகிறது.

இங்கே கண்ணையும் பல்லையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கண்புரைக்கு முகாம் நடத்தி, பேருந்தில் அழைத்துச் சென்று, பார்வையோடு திரும்பக் கொண்டுவந்து விடும் முறை நம் மாநிலத்தில் நன்கு வேரூன்றிவிட்டது. மதுரையில் 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி பதினோரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை அறியாதார் யார்? அதனைக் கண்டு நாமும் பல் முகாம் நடத்துகிறோம். ஆனால் கண்புரைக்கு ஓர் அறுவை போதும். பல்லுக்கு முகாம் பந்தலில் செய்யக்கூடியது பார்வையிடுதலும், பற்பசை வழங்குதலும், படம் எடுத்துக்கொள்ளுதலுமே. கசப்பாகச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டா.

எனவே அறக்கட்டளையிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். ஆண்டுதோறும் முகாமுக்குச் செலவிடும் தொகையில், பல்லிழந்த முதியோர் பன்னிருவரைத் தெரிந்து, ஒரு வேனில் ஐந்து முறையும் அவர்களையே அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துச் செல்லுங்கள். முன்னரே கல்லூரியில் பேசி நாள் குறித்துக்கொள்ள வேண்டும். உடன் செல்ல இளைஞர் இருவர் போதும். இருநூறு பேருக்குப் பற்பசை கொடுத்தோம் என்று மலரில் அச்சிடுவதைவிடப் பன்னிருவர் கடலை மென்றனர் என்று அச்சிடலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பல்செட்டுக் கூடம் அமைக்குமாறு ஆட்சியருக்கு ஒரு மனுவும் எழுதியிருக்கிறேன், வாயிலருகே மேசைமீது உள்ளது, கையொப்பமிட்டுச் செல்லுங்கள்.

பல் உள்ளோர்க்குச் சில சொற்கள். ஃபுளூரைடு கலந்த பற்பசையால் நாளும் இருமுறை துலக்குக. செங்கற்பொடியும் உமிக்கரியும் வேண்டா. அவை பல்லைத் தேய்த்துவிடும். இரத்த அழுத்தத்திற்கும் உறக்கத்திற்கும் உண்ணும் மாத்திரைகளுள் சில வாயை உலர்த்தும். உலர்ந்த வாயில் சொத்தை விரையும். அடிக்கடி நீர் பருகுக. நீரிழிவும் ஈறு நோயும் ஒன்றையொன்று வளர்ப்பவை. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் அதனைப் பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. ஆறாத வாய்ப்புண்ணை, அதிலும் பாக்கு மெல்லுவோர், இரண்டு வாரத்திற்கு மேல் பொறுத்திருத்தல் ஆகாது. செட்டு அணிவோர் இரவில் கழற்றித் தூய்மை செய்து நீரில் இட்டு வைக்க. படுக்கையில் கிடக்கும் பெற்றோரின் வாயை நாள்தோறும் துடைத்துவிடுவது மருமகளின் வேலை என்று ஒதுங்காமல் மகனும் செய்க. வாயின் அழுக்கு நுரையீரலுள் இறங்கிச் சளிக்காய்ச்சலாவது முதியோர்க்கு உயிருக்கே ஊறு.

வேனில் வர விரும்புவோரும், தம் வீட்டுப் பெரியோரை அனுப்ப விரும்புவோரும், உணவு இடைவேளைக்கு முன் செயலாளரிடம் பெயரும் ஊரும் எழுதிக் கொடுக்க வேண்டுகிறேன். முதற்பெயராக என் தமக்கையின் பெயரை நான் எழுதிவிட்டேன். அவருக்கு இன்னும் தெரியாது.